பே.மா. என்று எழுதிய சீட்டு

ஃபியூஸக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். சட்டென்று ஃபியூஸ் போகிற ஆள் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று தெருவில் சொல்வார்கள். போன ஃபியூஸை மாட்டிக் கொடுக்கிறவள் என்பதால் வந்தது என்று அவள் சொல்வாள். இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. பஸ் டிப்போவில் டயர் மாட்டும் பிரிவில் இருக்கிற அவள் வீட்டுக்காரர் மூன்றாவது கட்சி. வீட்டில் ஃபியூஸ் போனால் கம்பியை மாற்றினால் போதும், இவளுக்குப் போனால் நான்தான் வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும் என்பார். இதை அவள் காதில் விழும்படி சொல்கிற தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை.

அந்தக் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கண்டவர் மேலெல்லாம் எரிந்து விழுகிற கோபம் இல்லை அது. பால் திரிந்து போனாலோ பஸ் வராமல் போனாலோ அவள் பாட்டுக்கு இருப்பாள். ஒரு பொருளைச் சரியாகப் பார்க்காமலே அதைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவர்களைக் கண்டால்தான் உச்சந்தலையில் ஏறிவிடும். எடை மெஷின் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள். ஒவ்வொரு மெஷினிலும் ஐந்து எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, எல்லாம் ஒத்து வந்தால் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். ஒரு மாதக் கடைசியில் மேலதிகாரி வந்து, நேரமில்லை, பத்துக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதுக்கெல்லாம் சும்மா குத்திவிடு என்றார். பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிக் குத்துவது என்று இவள் கேட்டாள். அவர் சிரித்தார். முத்திரைக் கட்டையை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, வேலை வேண்டாம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்?

இப்போது ஒரு லாண்டரிக்கு மேலே மாடியில் அவளுக்கு ஒரு ரிப்பேர் பட்டறை. ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். கீழே இஸ்திரி போடுகிற சூடும் ஆவியும் படிக்கட்டு வழியாக ஏறி வருவதால் மழைக் காலத்தில் துணி காயப் போடலாம், ஆனால் ரேடியோவைத் திறந்து வைக்க முடியாது. ஜன்னலோர மேஜை அவளுடையது. சுவரோர மேஜை அவள் கொழுந்தனுடையது. வீட்டுக்காரரின் தம்பி, நாற்பத்தாறு வயசு, பேச்சு கம்மி, கை சுத்தம். அவன் ஈயம் வைத்துப் பத்தவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். பதினோரு வருஷமாக அண்ணியோடு வேலை பார்க்கிறான். பதினோரு வருஷத்தில் அவன் பேசியதை எல்லாம் சேர்த்தால் அவள் ஒரு காலையில் பேசுவதற்குக் காணாது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற சாமான் ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, என்ன செய்ய வேண்டும் என்று ஃபியூஸக்கா எழுதிவிடுவாள். முழுசாக எழுத மாட்டாள், எழுத்துதான். 'க.மா.' என்றால் கண்டென்சர் மாற்று. 'சு.மா.' என்றால் சுவிட்ச் மாற்று. 'து.' என்றால் துடை. ஆரம்பத்தில் கொழுந்தன் சில சந்தேகம் கேட்டதுண்டு. சீட்டைப் பார், சீட்டில் இருப்பதைச் செய், என் வாயைக் கிளறாதே என்று பதில் வரும். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். சீட்டைப் பார்ப்பான், செய்வான், டேப்பை உரித்துத் தன் மேஜையோரத்தில் ஒட்டி வைப்பான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சத்தக்காரம்மா படியேறி வந்தார். அறுபதைத் தொட்டவர். நாடகக் குழு ஒன்றில் முப்பத்தொரு வருஷமாக மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தம் கொடுக்கிறவர். கதவு திறக்கிற சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், குதிரை, கழுதை, குழாய், கூட்டம் எல்லாம் அவர் கை. வாடகை வண்டி டிரைவர் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகத் தூக்கி வந்த பெட்டிக்குள் ஒரு பழைய சிந்தசைசர் இருந்தது. பார்க்கக் கீபோர்டு மாதிரி இருந்தாலும் அதில் சத்தம் தயாராக வருவதில்லை. வரிசையாக இருக்கிற குமிழ்களைத் திருகித் திருகி நாமே உண்டாக்க வேண்டும். பிடித்த மாதிரி வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் அது தன் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மொத்தம் அறுபத்து நாலு இடம். அறுபத்து நாலும் அவர் நிரப்பியிருந்தார். மழை மட்டுமே மூன்று வகை: மண் மேல் விழுவது, குடை மேல் விழுவது, தகரக் கூரை மேல் விழுவது. முப்பத்தேழாம் நம்பர் குறட்டை. வீட்டுக்காரர் தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் செய்தது. அந்த மனிதர் தான் குறட்டையே விடுவதில்லை என்று இன்று வரை சாதிக்கிறார்.

மெஷின் போட்டால் கால் மணி நேரம் ஒழுங்காக இருக்கிறது, பிறகு இரைகிறது, விளக்கு மினுக்குகிறது, தானாக அணைந்து எரிகிறது. இதுதான் நோய். சனிக்கிழமை காலை புது நாடகத்துக்கு ஒத்திகை. பின்பாதி முழுக்கத் தகரக் கூரை மேல் மழை பெய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குள் மெஷின் வராவிட்டால் லேப்டாப் ஒன்றும் அதைத் தட்ட ஓர் ஆளும் வரும், நீங்கள் வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்று குழு மேனேஜர் சொல்லிவிட்டாராம். சத்தக்காரம்மா இதை அழாமல் சொன்னார். 

பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இதற்கு முன் காட்டிய சர்வீஸ் சென்டரில் கொடுத்தது. மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது. 'பவர் சப்ளை நல்ல நிலையில் உள்ளது. மெயின் போர்டு பழுது. காரணம்: பயன்படுத்துபவரின் கவனக்குறைவு. இனி உபயோகத்துக்கு லாயக்கில்லை.' கீழே கையெழுத்து, அதன் மேல் ஒரு முத்திரை. முத்திரையில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? 'சரிபார்க்கப்பட்டது.' ஃபியூஸக்காவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கொழுந்தன் தன் ஸ்டூலைச் சுவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

அவள் மெஷினைத் திறந்து, போட்டு, மீட்டர் வைத்தாள். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளையில், ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. சென்டர்காரன் இதைத்தான் பார்த்திருப்பான். பார்த்து, சப்ளை நல்லது என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவள் போகவில்லை. மீட்டரை வைத்தபடியே உட்கார்ந்தாள். சத்தக்காரம்மாவைக் கதவை வாசிக்கச் சொன்னாள். துருப்பிடித்த கீலோடு ஒரு கனமான கதவு அந்தச் சின்ன அறையில் மெல்லத் திறந்தது. கொழுந்தன் திரும்பி வாசலைப் பார்த்தான். கழுதையை வாசிக்கச் சொன்னாள். தகரக் கூரை மழையை வாசிக்கச் சொன்னாள். பதினெட்டாவது நிமிஷத்தில் மீட்டர் இறங்க ஆரம்பித்தது. நாலே முக்கால், நாலரை, நாலேகால். மழை இரைச்சலாகி, விளக்கு மினுக்கி, மெஷின் அணைந்தது. சூடானால்தான் தெரிகிற கோளாறு. வோல்ட்டை ஐந்திலேயே நிறுத்தி வைக்கிற ரெகுலேட்டரின் காலில் ஈயம் மயிரிழையாக வெடித்திருந்தது, பெரிய கண்டென்சர் இரண்டும் காய்ந்து மேலே உப்பியிருந்தன. மெயின் போர்டுக்கு ஒரு கேடும் இல்லை.

"மூணு வாரம் வச்சிருந்தவனுக்கு இருபது நிமிஷம் உக்காந்து பாக்க முடியல. கவனக்குறைவாம். யாருக்கும்மா கவனக்குறைவு?" என்று அவள் கேட்டாள். சத்தக்காரம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. இத்தனை நாளாகத் தன் கைதான் எதையோ கெடுத்துவிட்டது என்று நினைத்திருந்தாராம்.

கொழுந்தன் டீ வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் இன்னொரு விஷயமும் ஃபியூஸக்கா பார்த்தாள். அந்த அறுபத்து நாலு சத்தத்தையும் மெஷின் அணைந்திருக்கும்போது காப்பது ஒரு காசளவு பேட்டரி. இடது பக்கத்துப் பலகையில், ஒரு மூடிக்கு அடியில் இருந்தது. மூன்று வோல்ட் இருக்க வேண்டியது இரண்டே முக்காலுக்கு வந்திருந்தது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் மெஷின் அணைந்திருக்கும்போது அதைக் கழற்றினால் ஒரு நொடியில் அறுபத்து நாலும் போய்ச் சேர்ந்துவிடும். முதலில் சப்ளையைச் சரி செய்து, மெஷினைப் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். எந்தச் சத்தத்துக்கு எந்தக் குமிழ் எங்கே நிற்கும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அதுக்குள்ளேதான் இருக்கே, எதுக்கு எழுதணும் என்றார் அந்த அம்மா. ஃபியூஸக்கா தலையில் அடித்துக்கொண்டு, சரி, பேட்டரி மேல் யார் கையும் படாது, அது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தாள். வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

அந்த அம்மா படி இறங்கியதும் ஃபியூஸக்கா வேறு எதையும் தொடவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாள். மீட்டர் எத்தனையாவது நிமிஷத்தில் எவ்வளவு காட்டியது, ஈயம் எந்தக் காலில் வெடித்திருந்தது, கவனக்குறைவு என்ற வார்த்தைக்கு அகராதியில் என்ன அர்த்தம், ஒரு வயசான பெண்மணியை மூன்று வாரம் குற்றவாளி ஆக்கி வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று இரண்டு பக்கம், ஒரு வார்த்தையையும் சுருக்காமல், அழுத்தி எழுதினாள். பேனா தாளின் மறுபக்கம் வரை புடைத்தது. நடுவில், பவர் சப்ளையைக் கழற்றித் தன் மேஜையில் வைத்துக்கொண்டு, இடம் காணாமல் மெஷின் உடம்பைக் கொழுந்தன் மேஜைக்குத் தள்ளினாள். தள்ளும்போது ஒரு டேப்பைக் கிழித்து, கடிதத்தின் அடுத்த வரியை மனசில் ஓட்டிக்கொண்டே, இரண்டு எழுத்தை எழுதி மெஷின் மேல் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை நல்ல கண்டென்சர் தேடிக் கடை கடையாக அலைந்தாள். மூன்று கடையில் பழையதைப் புதுசென்று காட்டினார்கள். மூன்று கடையிலும் சண்டை போட்டுவிட்டு நாலாவது கடையில் வாங்கினாள்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் கண்டென்சர் ஏறிவிட்டது, ரெகுலேட்டரின் மூன்று காலுக்கும் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புது ஈயம் வைத்தாயிற்று. சப்ளையை மெஷினில் மாட்டிப் போட்டாள். இருபது நிமிஷம் இல்லை, இரண்டு மணி நேரம் ஓட விட்டாள். ஐந்து வோல்ட் ஐந்திலேயே நின்றது, ஒரு இம்மி இறங்கவில்லை. ஃபியூஸக்காவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாயக்கில்லையாம், லாயக்கில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கதவின் நம்பரைப் போட்டு ஒரு கட்டையை அழுத்தினாள்.

பீப் என்று ஒரே சத்தம். கழுதையின் நம்பருக்கும் பீப். மூன்று மழைக்கும் அதே பீப். அறுபத்து நாலு நம்பரையும் ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தாள். முப்பத்தேழாம் நம்பரிலும் குறட்டை இல்லை. இடது பக்கத்து மூடியைத் திறந்தாள். பளபளவென்று புதுப் பேட்டரி. அதற்கு அழகாக ஒரு கூடுகூட வைத்துப் பத்தவைத்திருந்தது, அடுத்த முறை சுலபமாகக் கழற்றுவதற்கு. வழவழவென்ற அந்த ஈயத்தைப் பார்த்ததும் யார் கை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் கத்தியது கீழே லாண்டரியில் கேட்டது. இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்தார். கண்ணை எங்கே வைத்திருந்தாய், யாரைக் கேட்டுத் தொட்டாய், முப்பத்தொரு வருஷ உழைப்பு, ஒரு நொடியில் துடைத்துப் போட்டுவிட்டாயே, நீயும் அந்தச் சென்டர்காரனும் ஒரே ஜாதி, பார்க்காமல் கை வைக்கிற ஜாதி என்று என்னென்னவோ சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். கொழுந்தன் ஈயம் பத்தவைக்கிற சால்டரிங் அயர்னை அதன் தாங்கியில் வைத்தான். மேஜையோரத்தில் ஒட்டி வைத்திருந்த ஒரு டேப்பை உரித்து வந்து, அவள் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான். 'பே.மா.' அவள் கையெழுத்து.

"பேட்டரி மாற்றாதேன்னு எழுதினேன்டா," என்றாள் ஃபியூஸக்கா. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

நம்ம பாஷையில் 'வேண்டாம்' என்பது வாலில்தான் இருக்கிறது. தொடு, தொடாதே. திற, திறக்காதே. மாற்று, மாற்றாதே. தலையை மட்டும் எழுதி வாலை வெட்டிவிட்டால், செய்யாதே என்று சொன்னதும் செய் என்றே போய்ச் சேரும். இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டறையில் செய்யாதே என்று ஒரு சீட்டு எழுத வேண்டி வந்ததே இல்லை. முதல் தடவை வந்தது, வாலில்லாமல் வந்தது.

சந்தேகம் இருந்தால் கேட்டிருக்கலாமே என்றாள் அவள், பாதிக் குரலில். கொழுந்தனுக்கு அப்போது வந்தது பாருங்கள் கோபம். பதினோரு வருஷமாக எங்கே வைத்திருந்தானோ. குரல் மட்டும் உயரவில்லை.

"எதுக்கு அண்ணி சந்தேகம் வரணும்? இந்தக் கடையில மா-ன்னா மாத்து. நேத்து வரைக்கும் வேற அர்த்தமே கிடையாது. அப்படியே வந்து கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பீங்க? சீட்டைப் பாருன்னுதானே? அந்தச் சென்டர்காரன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அவனுக்கு ரெண்டு பக்கம் எழுதினீங்க, ஒரு வார்த்தை சுருக்கல. கூடவே உக்காந்திருக்கிற எனக்கு ரெண்டு எழுத்து."

சொல்லிவிட்டு அவன் படி இறங்கிப் போய்விட்டான். போகும்போது கதவைக்கூட அறையவில்லை. ஃபியூஸக்கா அந்த இரண்டு எழுத்தையும் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்கு ஆள் தேடினாள். அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை கொழுந்தன் வழக்கம்போல வந்து தன் மேஜையில் உட்கார்ந்தான். பத்து மணிக்குச் சத்தக்காரம்மா வந்தார். மெஷின் எரிவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கிட்டே போய்க் கதவின் நம்பரைத் தட்டினார். பீப். மழையைத் தட்டினார். பீப். கை அப்படியே நின்றுவிட்டது. மெல்லத் திரும்பி, "அந்தப் பாவிங்கதானே? மூணு வாரம் வச்சிருந்தப்பவே ஏதாவது பண்ணியிருப்பாங்க. இப்பத்தான் தெரியுது. அப்படித்தானேம்மா?" என்றார்.

இதைவிடச் சுலபமான வழி ஒரு மனுஷிக்குக் கிடைக்காது. அந்த அம்மாவே கதவைத் திறந்து வைத்து, போ என்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சென்டர்காரன் ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்தவன், இன்னும் ஒரு கரி பூசினால் அவனுக்கு என்ன நஷ்டம்? திங்கட்கிழமை எல்லாச் சத்தமும் இருந்தது என்பதைக்கூட, பேட்டரி பழசு, தானாகவே விட்டுவிட்டது என்று பூசி மெழுகிவிடலாம். கொழுந்தன் தலை நிமிரவில்லை. ஆனால் அயர்ன் கையில் அசையாமல் நின்றது. ஃபியூஸக்காவுக்கு அந்த மேலதிகாரியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பார்க்காததைப் பார்த்தேன் என்று குத்துவதும், செய்ததைச் செய்யவில்லை என்று சொல்வதும் ஒரே முத்திரைதான்.

"இல்லம்மா. சத்தம் எல்லாம் திங்கக்கிழமை இருந்துச்சு, நீங்களே வாசிச்சீங்க. போனது இங்கதான். என்னாலதான். பேட்டரிய மாத்தாதேன்னு சீட்டுல முழுசா எழுதாம விட்டேன். தம்பி மேல தப்பு இல்ல," என்றாள். டேப்பை எடுத்துக் காட்டினாள். பிறகு ரசீதுப் புத்தகத்தை இழுத்து, நின்றபடியே, 'பவர் சப்ளை சரி செய்யப்பட்டது. அறுபத்து நாலு சத்தமும் அழிந்தது. காரணம்: ரிப்பேர் செய்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தாள்.

சத்தக்காரம்மா அதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நாலாக மடித்தார்.

"இப்படி எழுதிக் குடுத்த மெக்கானிக்கை நான் பாத்ததில்ல. நல்ல மனசுதான். ஆனா இந்தக் காகிதத்தை வச்சு சனிக்கிழமை நான் மழை பெய்ய வைக்க முடியுமா? சொல்லு. அந்தச் சென்டர்காரன் மெஷின் செத்துடுச்சுன்னு சொன்னான், சத்தத்தைத் தொடல. நீ மெஷினுக்கு உசுரு குடுத்துட்டு உள்ள இருந்ததை எல்லாம் சாகடிச்சிட்டே."

நீங்கள் என்றிருந்தது நீ ஆகிவிட்டதை ஃபியூஸக்கா கவனித்தாள். அது அவளுக்குச் சரி என்றுதான் பட்டது.    பிறகு கொழுந்தன் எழுந்து, தன் ஸ்டூலைத் தூக்கி வந்து மெஷினுக்கு முன்னால் போட்டு, உக்காருங்கம்மா என்றான். அந்த அம்மா அவனை முறைத்தார், மெஷினை முறைத்தார், உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நோட்டு இருக்கிறதா என்று ஃபியூஸக்காவைக் கேட்டார்.

"எழுது. நான் எந்தக் குமிழை எவ்வளவு திருப்புறேன்னு எழுது. முழுசா எழுது. ஒரு எழுத்து சுருக்கினே, இந்தக் குமிழையே பிடுங்கி எறிவேன்."

வியாழன் பூராவும், வெள்ளி பூராவும் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. குமிழ் முன்னே போகும், பின்னே வரும். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார். இல்ல, இது தகரமில்ல, இது வறுக்கிற சத்தம் என்று துடைத்துப் போடுவார். ஃபியூஸக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, 'மூன்றாவது குமிழை வலது பக்கம் பாதி வரை திருப்ப வேண்டும், அதற்கு மேல் திருப்பக் கூடாது' என்று வாலோடு எழுதினாள். கொழுந்தன் எழுதியதைப் படித்துப் பார்த்து, "அண்ணி, கொஞ்சம் இடதுன்னா எவ்வளவு கொஞ்சம்?" என்று கேட்டான். சீட்டைப் பார் என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, எவ்வளவும்மா என்று அந்த அம்மாவிடம் கேட்டு, அடித்துவிட்டு, ஒரு கோடு அளவு என்று எழுதினாள். அவன் சந்தேகம் எதுவும் அசட்டுச் சந்தேகமாக இல்லை என்பதை இரண்டு நாளில் பார்த்தாள். பதினோரு வருஷம் கேட்டிருந்தால் எத்தனை ரேடியோ பிழைத்திருக்குமோ என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பன்னிரண்டு சத்தம் தேறியது. கதவு வந்தது, கழுதை வந்தது, குழாய் வந்தது. குறட்டையைப் பற்றிக் கவலையில்லை, அசல் வீட்டிலேயே படுத்திருக்கிறது என்றார் சத்தக்காரம்மா. தகரக் கூரை மழை கடைசியில்தான் வந்தது. ஃபியூஸக்காவின் காதுக்கு நல்ல மழையாகவே பட்டது. அந்த அம்மா தலையை ஆட்டினார். "இது அது இல்ல. அது வேற. போகட்டும், இதுவும் நனைக்கும்," என்றார். சர்வீஸ் சென்டருக்கு எழுதிய கடிதத்தை ஃபியூஸக்கா கிழிக்கவில்லை. அவர்கள் செய்தது தப்புதான். இவள் செய்த தப்பினால் அது சரியாகிவிடாது. அன்றைக்கே தபாலில் போட்டாள்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு மெஷினைத் தூக்கிப் போனது ஃபியூஸக்காவும் கொழுந்தனும்தான். ஹாலில் கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் மேனேஜர். பக்கத்து நாற்காலியில், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்த லேப்டாப். பின்பாதி ஆரம்பித்தது. மேடையில் ஒருவரும் பேசாமல் நின்றார்கள், மழை பெய்தது. தகரத்தில் முதலில் நாலைந்து துளி, பிறகு சடசடவென்று, பிறகு ஹால் பூராவும். காட்சி முடிந்ததும் மேனேஜர் எழுந்து கை தட்டினார். லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார். "பழைய மழை அப்படியே இருக்கே. ரிப்பேர் பண்ணினவங்க பிரமாதமா பண்ணியிருக்காங்க," என்றார்.

மேடை ஓரத்தில் சத்தக்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. மேனேஜருடையது இத்தனை வருஷம் அந்த மழையைக் கேட்ட காது. எது போனது என்று தெரியவில்லை, எது வந்தது என்றும் தெரியவில்லை. சத்தக்காரம்மா தலையைக் குனிந்து குமிழைத் துடைக்க ஆரம்பித்தார். கடைசி வரிசையில் ஃபியூஸக்காவுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. கொழுந்தன் முழங்கையைப் பிடித்தான், அவள் அதற்குள் எழுந்துவிட்டாள்.

"சார், அது பழைய மழை இல்ல. பழசை நான் அழிச்சிட்டேன், ரசீது அவங்க பையில இருக்கு. இது ரெண்டே நாள்ல இந்த அம்மா உக்காந்து புதுசா செஞ்சது. நான் பத்தவைச்சது ஏழு இடம். அதுக்கு எதுக்கு சார் கை தட்டுறீங்க? கையை அந்தப் பக்கம் திருப்பித் தட்டுங்க."

 மேடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சத்தக்காரம்மா பக்கம் திரும்பினார்கள். மேனேஜர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சத்தக்காரம்மா தலையை நிமிர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு சத்தமும் முழுசாக எழுதியிருந்த நோட்டில் பக்கத்தைத் திருப்பினார்.

"உக்காரும்மா," என்றார். "அடுத்தது கழுதை. அது கத்த வேண்டிய நேரத்துல நீ கத்தாதே."

ஃபியூஸக்கா உட்கார்ந்தாள்.